‘குழப்படிக்காரன்’ என்ற பெயரும் போதைப் பழக்கமும்

எங்கள் பாடசாலைகளில் ‘குழப்படிக்காரன்’ என்ற பெயர் சில பிள்ளைகளுக்கு மூன்றாம் தரத்திலேயே விழுந்துவிடுகிறது. ஒரு மாணவனை நானும் அப்படித்தான் அழைத்தேன். சாதாரண தரப் பரீட்சைக்கு முன்னரே விலகியவன், பின்னர் ஐஸுக்கு அடிமையானான். சிகிச்சை முடிந்து வந்தவன், “அதப் பாவிச்சாத்தான் சேர் தல கொஞ்சம் அமைதியாகும்” என்றான். அவனுக்கு ஏ.டி.எச்.டி. இருப்பது அந்தச் சிகிச்சையின்போதுதான் தெரியவந்தது. ஆசிரிய கலாசாலையில் நாங்கள் இதைப் பற்றிப் படித்தது அரைப் பக்கம்.

ஏ.டி.எச்.டி. என்பது கவனக்குறைவு, ஓயாத துடிதுடிப்பு, யோசிக்காமல் செயற்படுதல் ஆகியவற்றைக் கொண்ட நரம்பு விருத்திக் கோளாறு. அமெரிக்க உளமருத்துவச் சங்கத்தின் 2013ஆம் ஆண்டுக் கைநூலின்படி, அறிகுறிகள் 12 வயதுக்கு முன்னரே, வீடு, பாடசாலை என ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் தென்பட வேண்டும். கணிதப் பாடத்தில் மட்டும் குழப்படி என்றால் கோளாறு ஆசிரியரிடமும் இருக்கலாம்.

உணர்ச்சிகளை அடக்க முடியாமை பிரதான அறிகுறிப் பட்டியலில் இல்லை. ஆனால் வகுப்பறையில் நாம் முதலில் காண்பது அதைத்தான். சிறிய ஏமாற்றமும் பெருங்கோபமாக வெடிக்கும், தணிய நேரமெடுக்கும். பிறகு ஏச்சு, அடி, அவமானம். அந்த வேதனையை மறக்க முதலில் சிகரட், பின்னர் வேறொன்று. இவ்வாறு தன் மனவேதனைக்குத் தானே மருந்து தேடுவதே போதையாகிறது என்ற கருதுகோளை எட்வர்ட் கன்ட்சியன் என்ற உளமருத்துவர் 1985இல் விரிவாக எழுதினார். அது மட்டுமே காரணம் என்பதற்கில்லை. அவசர புத்தியும் கூட்டாளிமாரும் போதைப்பொருள் எளிதில் கிடைப்பதும் சேர்ந்தே இழுக்கின்றன. போதைப் பாவனையாளர்களில் ஏறத்தாழ 23 வீதமானோருக்கு ஏ.டி.எச்.டி. இருப்பதாக 2012இல் வெளியான ஒரு தொகுப்பாய்வு கணித்தது. ஆனால் ஏ.டி.எச்.டி. உள்ள பிள்ளைகள் எல்லோரும் போதைக்குப் போவதில்லை.

“மருந்து கொடுத்தால் பிள்ளை அதற்கே அடிமையாகிவிடுமே” என்று பெற்றோர் பயப்படுகிறார்கள். மெதில்பெனிடேட்டும் ஐஸைப் போல ஊக்கி வகைதான். எனினும் வைத்தியர் சொல்லும் அளவில் விழுங்கும்போது மூளையில் மெதுவாகவே வேலை செய்கிறது. ஐஸ் புகை கணத்தில் ஏறுகிறது. சிறுவயதில் இம்மருந்து எடுத்தவர்களுக்குப் பிற்காலத்தில் போதைப் பழக்கம் கூடுவதாக 2013ஆம் ஆண்டுத் தொகுப்பாய்வில் தெரியவில்லை. குறைவதாகவும் தெரியவில்லை என்பதைச் சொல்லியாக வேண்டும். மருந்தோடு பெற்றோருக்கான பயிற்சியும் பாடசாலையின் அனுசரணையும் தேவை.

கொழும்பு லேடி ரிஜ்வே சிறுவர் வைத்தியசாலையில் சிறுவர் உளமருத்துவப் பிரிவு உண்டு. மனநல ஆலோசனைக்கு 1926 என்ற இலக்கத்தை அழைக்கலாம்.

இக்கோளாறு குடும்பத்தில் தொடரக்கூடியது. அவனுடைய தம்பி இப்போது என் வகுப்பில். சென்ற மாதம் வாப்பாவையும் உம்மாவையும் வரவழைத்துப் பேசினேன். வாப்பா முதலில் கோபப்பட்டார். உம்மாதான் கிளினிக்குக்குத் திகதி எடுத்திருக்கிறார்.