சர்க்கேல்: ஒரு படைப்பதவிப் பெயரின் பொருள் வரலாறு

படைப்பதவிப் பெயர்கள் நாடுவிட்டு நாடு செல்லுங்கால் ஒலி பெரிதும் மாறாமல் பொருள் மட்டும் மாறிவிடுவதுண்டு. மராத்தியர் ஆட்சியில் வழங்கிய 'சர்க்கேல்' என்னும் சொல் இதற்குத் தக்க சான்றாகும்.

பாரசீக வழக்கில் 'சர்' என்பது தலைமையையும் 'கேல்' என்பது குதிரைவீரர் குழுவையும் குறிக்கும். தில்லி சுல்தான்களின் படையமைப்பைக் கூறும் 14ஆம் நூற்றாண்டு வரலாற்றாசிரியர் பரனி, சர்க்கேலின்கீழ்ப் பத்துக் குதிரைவீரர், சிபாசாலாரின்கீழ்ப் பத்துச் சர்க்கேல்கள், அவர்க்குமேல் அமீர், மாலிக், கான் எனப் பத்துப் பத்தாக உயரும் வரிசையைத் தருகிறார். ஆகவே தொடக்கத்தில் இது அடிநிலைப் பதவியே.

கொங்கணத்தில் இச்சொல் கடலேறியது. இன்றைய டோம்பிவிலியை அடுத்துள்ள கல்யாணைச் சிவாஜி 1657இல் கைப்பற்றினார். உல்லாஸ் ஆற்றின் கழியையொட்டிய அப்பகுதியில் அவருடைய கப்பல் கட்டும் பணி தொடங்கியது. அக்கடற்படையைப் பின்னாளில் நடத்திய கானோஜி ஆங்கரே (இறப்பு: 1729) பெற்ற பட்டம் 'சர்க்கேல்' என்பதாகும். பதின்மர் தலைவனைச் சுட்டிய சொல் கடற்படைத் தலைவனைச் சுட்டலாயிற்று.

போன்சலே மரபின் மற்றொரு கிளை ஆண்ட தஞ்சையிலோ (1676-1855) சர்க்கேல் என்பவர் அரசின் தலைமை நிருவாக அமைச்சர். எனவே தஞ்சை ஆவணத்துச் சர்க்கேலைக் 'கடற்படைத் தலைவர்' எனப் பெயர்ப்பதும், கொங்கணத்துச் சர்க்கேலை 'அமைச்சர்' எனப் பெயர்ப்பதும் ஒருங்கே பிழையாம்.

'அட்மிரல்' என்னும் சொல்லும் 'அமீர்' என்னும் அரபுச் சொல்லின் வழிவந்ததே. பரனியின் வரிசையில் சர்க்கேலுக்கு இருபடி மேல்நின்ற நிலப்படைப் பெயர் மேலைநாட்டு வழியே கடற்பதவியாயிற்று.

2023 டிசம்பர் 4ஆம் நாள் சிந்துதுர்க்கத்தில் நடந்த கடற்படை நாள் விழாவில், கடற்படைப் பதவிப் பெயர்கள் இந்திய மரபுக்கேற்ப மாற்றப்படும் எனப் பிரதமர் அறிவித்தார். இவ்வறிவிப்பு கலைச்சொல்லாக்கச் சிக்கல் ஒன்றை முன்னிறுத்துகிறது. அட்மிரல் என்பது படிநிலை. கடற்படைத் தலைமை என்பது பொறுப்பு. இந்தி, படிநிலைக்கு 'எட்மிரல்' என்னும் கடன்சொல்லையும் பொறுப்புக்கு 'நௌசேனாத்யட்ச' என்னும் ஆக்கச்சொல்லையும் தனித்தனியே ஆள்கிறது. தமிழ் இதழ்களிலோ 'தளபதி' என்பதே இரண்டிற்கும் வழங்குகிறது. மும்பையிலுள்ள மேற்குக் கடற்படைப் பிரிவை நடத்தும் வைஸ் அட்மிரலும் தளபதியே.

பழம்பெயரை மீட்பதாயினும் புதுப்பெயரை ஆக்குவதாயினும், அப்பெயர் எவ்விடத்தில், எக்காலத்தில், எத்துணைப் பேர்மீது அதிகாரம் செலுத்தியது என்பதை முதலில் வரையறுத்தல் வேண்டும். சொல்லின் வேர்ப்பொருள் மட்டும் அதற்குப் போதாது என்பதையே சர்க்கேலின் வரலாறு உணர்த்துகிறது.