கழுவாத கைகள்

வியன்னா நகரத்துப் பொது மருத்துவமனையிலே, ஏழைத் தாய்மார்க்கென இரண்டு பேறுகாலப் பிரிவுகள் இருந்தன. முதற்பிரிவு, மருத்துவ மாணவர் பயிலுமிடம். இரண்டாம் பிரிவு, மருத்துவச்சிகள் பயிலுமிடம். வந்து சேரும் நாளைப் பொறுத்தே எந்தப் பிரிவென முடிவாகும்.

1846ஆம் ஆண்டுக் கணக்கைப் பாருங்கள். மருத்துவச்சிகள் பிரிவிலே மாண்ட தாய்மார் நூற்றுக்கு மூவர்கூட இல்லை. மேதைகள் உலவிய முதற்பிரிவிலோ நூற்றுக்குப் பதினொருவர்! பேறுகாலக் காய்ச்சல் அவர்களைக் கொள்ளை கொண்டது. “முதற்பிரிவு வேண்டாம்” என்று கருவுற்ற பெண்கள் மண்டியிட்டுக் கதறினர்.

ஏன் இந்த வேறுபாடு? காற்றிலே நச்சாவி என்றனர் சிலர். இரு பிரிவுகளுக்கும் காற்று ஒன்றுதானே! இறுதிச் சடங்குக்கு மணியோசையுடன் வரும் பாதிரியாரைக் கண்ட அச்சமே கொல்கிறது என்ற கருத்தும் எழுந்தது. அங்குப் பணிபுரிந்த இளம் மருத்துவர் இக்னாஸ் செம்மல்வெய்ஸ் அதை நம்பிவிடவில்லை. ஆராயாமல் தள்ளிவிடவும் இல்லை. மணியின்றி வேறு வழியே வருமாறு பாதிரியாரைக் கேட்டுக்கொண்டார். சாவு குறையவில்லை, அந்தக் காரணம் வீழ்ந்தது.

1847 மார்ச்சில் அவருடைய நண்பர், பேராசிரியர் கொலெட்ச்கா இறந்தார். பிண ஆய்வின்போது மாணவர் ஒருவரின் கத்தி அவர் விரலைக் கீறியதே காரணம். அவர் உடலில் கண்ட சிதைவுகள், மாண்ட தாய்மாரின் உடலில் கண்டவை போன்றே இருந்தன. உண்மை பளிச்சிட்டது! பிணத்தை அறுத்த கைகள் அப்படியே பிள்ளைப்பேற்று அறைக்கும் சென்றன. மருத்துவச்சிகளோ பிணம் அறுப்பதில்லை.

மே மாத நடுவில் ஆணையிட்டார்: குளோரின் கரைசலில் கை கழுவியே தாய்மாரைத் தொடவேண்டும். முதற்பிரிவிலே ஏப்ரலில் 312 பேறுகளுக்கு 57 சாவுகள். ஜூலையில் 250 பேறுகளுக்கு மூன்றே சாவுகள்!

மருத்துவ உலகம் மகிழ்ந்ததா? பெரும்பாலோர் சீறினர். உயிர் காக்கும் எங்கள் கைகளா உயிர் குடித்தன என்று வெகுண்டனர். 1849இல் அவர் பதவி நீட்டிக்கப்படவில்லை. அவரும் தம் ஆய்வை விரிவான நூலாக்க 1861 வரை தாமதித்தார். 1865இல் மனநோய் விடுதியில் அடைபட்டு, 47ஆம் வயதிலே, புண் சீழ்ப்பிடித்து மாண்டார். பாஸ்தரும் லிஸ்டரும் கிருமிகளின் கதையை விளக்கிய பிறகே உலகம் அவரை உணர்ந்தது.

தோழர்களே! அவரை எதிர்த்தோர் எழுத்தறியாதவர் அல்லர். பட்டம் பெற்ற பேராசிரியர்கள். கணக்கு கண்முன் கிடந்தும், தங்கள் தவற்றைக் காண அவர்கள் கூசினர். அந்தக் கூச்சத்துக்கு விலை கொடுத்தவர்கள் ஏழைத் தாய்மார்கள்.

மருத்துவமனைகளிலே நோய்த்தொற்று ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குத் தாவும் முதன்மையான வழிகளில் ஒன்றாகக் கை இன்றும் இருக்கிறது. கட்டிலருகே வரும் மருத்துவரை, “ஐயா, கை கழுவினீர்களா?” என்று கேட்க நோயாளி அஞ்சுகிறார். அஞ்சாமல் கேட்கட்டும். அறிவுடைய மருத்துவர் அக்கேள்வியை வரவேற்பார். கழுவிய கையே அதற்கு விடையாகும்.