நான்காவது அச்சம்

மெய்ப்பாடுகளைப் பற்றி எழுதித் தருவதாக ஒப்புக்கொண்டவன் பேய்ப்படங்களைப் பற்றி எழுதியிருக்கிறானே என்று நம் வட்டத்து அன்பர்கள் சிலர் முகஞ்சுளிக்கக் கூடும். நான் தடம் மாறிவிடவில்லை. எண்வகை மெய்ப்பாடுகளை நிரல்படக் கூறும் தொல்காப்பியர், மருட்கைக்கு அடுத்த இடத்தில் அச்சத்தை வைக்கிறார். அவ்வச்சம் பிறக்கும் நிலைக்களன்கள் நான்கு என்பது அவர் கணக்கு. அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறை. வருத்தும் தெய்வமும் கொல்லும் விலங்கும் வழிமறிக்கும் கள்வரும் அச்சந் தருவன என்பதை எந்த மொழி இலக்கணக்காரரும் சொல்லியிருப்பார். தம்மை ஆளும் இறையை, அதாவது அரசனையும் அவனையொத்த அதிகாரம் படைத்தோரையும், பேயோடும் புலியோடும் ஒரே வரிசையில் நிறுத்தியதுதான் வியப்பு. மக்களை மெய்யாகவே நடுங்கச் செய்த தமிழ்த் திரைப்படங்களை எண்ணிப் பார்க்குந்தோறும், நடுக்கத்தின் ஊற்று முதலாவதாகிய அணங்கில் இல்லை, நான்காவதாகிய இறையில் இருக்கிறது என்றே எனக்குத் தோன்றிவருகிறது.

தமிழர் திரைப்படம் காட்டத் தொடங்கிய கதை நம் ஊரில் பிறந்தது. 1905ஆம் ஆண்டில் திருச்சிராப்பள்ளி இரயில்வே அலுவலகத்தில் வரைவாளராக இருந்த சாமிக்கண்ணு வின்சென்ட், ஊர் ஊராகப் படங்காட்டி வந்த டுபாண்ட் என்னும் பிரெஞ்சுக்காரர் நோயுற்றபோது, அவரிடமிருந்து படங்காட்டும் கருவியையும் சுருள்களையும் விலைக்கு வாங்கினார். இயேசுநாதர் வாழ்க்கையைக் காட்டும் படம் அவற்றுள் ஒன்று. நிலையான வேலையை விட்டுவிட்டுக் கூடாரத்தைத் தூக்கிக்கொண்டு ஊர்சுற்றக் கிளம்பிய அந்த 22 வயது இளைஞரின் துணிவை நம் நகரம் போதிய அளவு கொண்டாடியதில்லை. 1914இல் கோயம்புத்தூரில் அவர் எழுப்பிய வெரைட்டி ஹாலை அவ்வூரார் மறக்கவில்லை. நாம்தாம் மறந்துவிட்டோம்.

இங்கே ஒரு பழங்கதையைக் களைந்துவிட வேண்டும். லூமியேர் சகோதரர்கள் 1896இல் பாரிஸில் காட்டிய இரயில்வண்டிப் படத்தைக் கண்டு, வண்டி தம்மீது பாய்வதாக எண்ணி மக்கள் அலறியோடினர் என்று சினிமா நூல்கள் பலவும் எழுதிவந்தன. அக்காலத்துச் சான்றுகளைத் துருவிய ஆய்வாளர்கள், அப்படி ஒரு கலவரம் நிகழ்ந்ததற்கு ஆதாரம் இல்லை என்கின்றனர். முதற்பார்வையாளர்களை அறியாப் பிள்ளைகளாகக் காட்டிப் பின்வந்தவர்கள் மகிழ்ந்துகொண்ட கதை அது. அசையும் நிழலைக் கண்டவர்க்கு முதலில் உண்டானது மருட்கையே. மருட்கையின் நிலைக்களன்களுள் புதுமையை முதலாவதாகத் தொல்காப்பியர் வைத்திருப்பதை நினைத்துக்கொள்க. நம் ஊர்க் கூடாரத்தில் அமர்ந்தவர்களும் அவ்வாறே வியந்திருப்பர் என்று கொள்வதுதான் அவர்களுக்கு நாம் செய்யும் மரியாதை. மருட்கை அச்சமாக மாறுவதற்குத் திரை பேச வேண்டியிருந்தது. 1931க்குப் பிறகு கதவு கிறீச்சிட்டது, நாய் ஊளையிட்டது, காற்றில் ஒரு பெண்குரல் மிதந்து வந்தது. கண்ணை மூடிக்கொள்ளலாம், காதை எத்தனை நேரம் பொத்திக்கொள்வது?

அந்தப் பெண்குரலுக்கு உரியவள் திரைக்கு மிக முன்பே நம்மிடம் இருந்தாள். பழையனூர் நீலியை எண்ணிப் பாருங்கள். கணவனால் கொலையுண்டவள் பேயுருக் கொண்டு திரும்புகிறாள். வந்தவள் இருட்டில் பாய்ந்து கழுத்தை நெரித்திருக்கலாம். அப்படிச் செய்யாமல், கையில் குழந்தையுடன் ஊர்ச்சபை ஏறி வழக்குரைக்கிறாள். வேளாளர் எழுபதின்மர் அவள் சொல்லை நம்பிப் பிணைநின்று, வாக்குப் பிழைத்ததும் தீப்பாய்கின்றனர். மேலைநாட்டுப் பேய்க்கும் நம் பேய்க்கும் உள்ள வேறுபாட்டை இக்கதை ஒன்றே காட்டிவிடும். அங்கே டிராகுலா பிரபு கோட்டையில் வாழ்ந்து குருதியுண்பவன், பேயும் அவனே, இறையும் அவனே. இங்கே பேய் என்பவள் வாதி. பிரதிவாதி வேறொருவன். பெரும்பாலும் அவன் உயிரோடும் செல்வாக்கோடும் இருக்கிறான்.

1963இல் ஸ்ரீதர் இயக்கி வெளிவந்த 'நெஞ்சம் மறப்பதில்லை' இதனைத் தெளிவாகப் புலப்படுத்திய படம். பாழடைந்த ஜமீன் மாளிகைக்குள் நுழையும் இளைஞன் ஒருவனுக்கு, முற்பிறவியில் தான் காதலித்த கண்ணம்மா என்ற எளிய பெண்ணின் நினைவு திரும்புகிறது. கல்யாண்குமாரும் தேவிகாவும் காதலர்கள். ஏ. வின்சென்ட்டின் ஒளிப்பதிவு, அந்த மாளிகையின் தூணுக்கும் ஒட்டடைக்கும்கூட உயிர் கொடுத்தது. விசுவநாதன் - ராமமூர்த்தி இசையில் பி. சுசீலாவின் குரல் இருளுக்குள்ளிருந்து வரும்போது கொட்டகையே மூச்சடக்கியிருக்கும் என்பதைப் படத்தை இன்று பார்ப்பவரும் உணரலாம். ஆயினும் அக்குரல் அச்சுறுத்துவதன்று, அழைப்பது. அச்சுறுத்துபவர் ஜமீன்தார். நம்பியார் ஏற்ற அப்பாத்திரம் குலச்செருக்கால் மகனின் காதலைக் குலைத்ததோடு நில்லாமல், அவர்கள் மறுபிறவி எடுத்து வரும்வரை, நூறு வயதையும் கடந்து, உயிர் விடாமல் காத்திருக்கிறது. இறந்தவள் திரும்பி வருவது ஒரு திகில். கொன்றவன் சாகாமலே இருப்பது அதனினும் பெரிய திகில். ஜமீன் ஒழிப்புச் சட்டம் சென்னை மாகாணத்தில் 1948இலேயே நிறைவேறிவிட்டது என்பதையும் சேர்த்துப் பார்த்தால், அந்தக் கிழவர் ஏன் சாகாமல் இருக்கிறார் என்பது விளங்கும்.

இதை நான் சொந்தமாகக் கண்டுபிடித்துவிடவில்லை. என் தாயார் சொன்னது. அவர் தகப்பனார் லால்குடிப் பக்கத்தில் ஒரு மிராசுதாரரின் நிலத்தைக் குத்தகைக்கு உழுதவர். பண்ணைவீட்டுத் திண்ணையருகே போகும்போது தோளில் கிடந்த துண்டு தானாக இடுப்புக்கு இறங்கும் காலம். அந்த ஆண்டு திருமணமாகி ஸ்ரீரங்கம் வந்த என் தாயார், திருச்சிக் கொட்டகை ஒன்றில் அப்படத்தைப் பார்த்துவிட்டு மூன்று நாள் சரியாக உறங்கவில்லையாம்.

அவர் அதை என்னிடம் சொன்ன இரவு நன்றாக நினைவிருக்கிறது. 1978. எனக்குப் பதினொரு வயது. துரை இயக்கிய 'ஆயிரம் ஜென்மங்கள்' பார்க்க இரண்டாம் ஆட்டத்திற்குப் போயிருந்தோம். 'யக்ஷகானம்' என்ற மலையாளப் படத்தின் தழுவல் அது. இல்லறத்தில் இருக்கும் ஒரு பெண்ணின் உடலில் வேறொருத்தியின் ஆவி புகுந்துகொள்ள, அவளை மீட்கப் போராடும் அண்ணனாக ரஜினிகாந்த். மனைவியாகப் பக்கத்தில் இருப்பவள் மனைவிதானா என்னும் ஐயம் பெண்களைக் காட்டிலும் ஆண்களைத்தான் அதிகம் கலக்கியது என்பது என் கணிப்பு. என் தந்தையார் வழியெல்லாம் பேசவே இல்லை. கடைசிப் பேருந்தைத் தவறவிட்டோம். சிந்தாமணி தாண்டிக் காவிரிப் பாலத்தில் ஏறியபோது காற்று பலமாக வீசியது. ஆற்றங்கரையில் ஓயாமரிச் சுடுகாடு இருக்கிறது என்ற நினைவை எவராலும் அழிக்க முடியவில்லை. மாம்பழச்சாலை கடந்தால், அந்நாளில் இன்னும் கட்டி முடிக்கப்படாத இராயகோபுரம், மொட்டைக் கோபுரம் என்று நாங்கள் அழைத்தது, தலையில்லாத ஓர் உருவம்போல இருட்டில் நின்றது. நான் என் தாயாரின் முந்தானையை விடவில்லை.

“பேய்க்குப் பயப்படாதேடா, அது பாவம். யாரோ செஞ்ச அநியாயத்துக்கு அது அலையுது. அநியாயம் செஞ்சவன் வீட்டுல நிம்மதியாத் தூங்கறான் பாரு, அவனுக்குப் பயப்படு” என்றார்.

அன்று எனக்கு அது ஆறுதலாக இல்லை. அச்சம் இரட்டிப்பானதுதான் மிச்சம்.

அதே 1978இல்தான் பாரதிராஜாவின் 'சிகப்பு ரோஜாக்கள்' வந்தது. அதில் பேய் கிடையாது. தொல்காப்பியர் கணக்கில் கள்வர் வகையில் அதைச் சேர்க்கலாம். ரோஜாத் தோட்டத்தின் அடியில் பெண்களின் பிணங்கள் கிடக்க, அழகும் செல்வமும் உடைய இளைஞன் சிரித்துப் பேசுகிறான். கமல்ஹாசனின் அந்தச் சிரிப்பு ஒருபுறம் இருக்கட்டும். நெஞ்சை உறைய வைப்பது, வளர்ப்பு மகன் செய்யும் கொலைகளைப் படமாகப் போட்டுப் பார்த்து மகிழும் வளர்ப்புத் தந்தை. இருட்டில் திரை நோக்கி அமர்ந்திருக்கும் அவரைக் காணும்போது, நாமும் அவ்வாறே அமர்ந்திருக்கிறோம் என்னும் உணர்வு உறுத்தாமற் போகாது. கள்வனுக்குப் பின்னாலும் ஓர் இறை இருந்துவிட்டார்.

எல்லாப் படங்களையும் இந்த ஒரு கயிற்றில் கட்டிவிட முடியும் என்று வாதிட நான் முன்வரவில்லை. விட்டலாச்சார்யாவின் 'ஜகன்மோகினி'யும் அதே ஆண்டுப் படைப்புத்தான். அதில் மோகினிப் பேய் தன் காலையே விறகாக அடுப்பில் வைத்துச் சமைக்கும் காட்சி, எங்கள் தெருப் பிள்ளைகளைப் பல நாள் அடுப்படிப் பக்கம் போகவிடாமல் செய்தது. அதில் நீதியும் இல்லை, வழக்கும் இல்லை. வியப்பும் அச்சமும் சிரிப்பும் ஒருங்கே கலந்த திருவிழாக் கூத்து அது. பிறகு வீடியோ கேசட் காலம் வந்தது. வாடகைக்குப் பெட்டி எடுத்து வீட்டுக் கூடத்தில் பத்துப் பேர் கூடி 'ஈவில் டெட்' பார்த்தோம். அலறினோம். விளக்கைப் போட்டதும் காப்பி குடித்தோம். அச்சம் கூடத்தைத் தாண்டி வெளியே வரவில்லை.

ஸ்ரீரங்கத்தில் வளர்ந்து, திருச்சி புனித வளனார் கல்லூரியில் பயின்ற சுஜாதா, இந்த வரலாற்றில் ஒரு தனிக் கண்ணி. குமுதத்தில் தொடராக வந்த அவருடைய 'கொலையுதிர் காலம்' திரைப்படமன்று. ஆயினும் திரையின் அச்சத்தைப் பற்றி அதைவிடக் கூர்மையாக எழுதப்பட்ட தமிழ் நாவலை நான் அறியேன். சொத்துக்குரிய ஓர் இளம்பெண்ணைச் சுற்றி ஆவி நடமாடுகிறது. அது ஆவியா, லேசர் ஒளி கொண்டு வெளியில் எழுப்பிய முப்பரிமாண உருவமா என்று கணேஷும் வசந்தும் மல்லுக்கு நிற்கின்றனர். சாமிக்கண்ணு வின்சென்ட் துணித்திரையில் விழச்செய்த ஒளியுருவம், முக்கால் நூற்றாண்டுக்குப் பின், திரையே இல்லாமல் இருட்டில் நடக்கத் தொடங்கிவிட்டது எனலாம். சொத்து என்றொன்று இருப்பதால்தான் பேயும் வருகிறது என்பதை வாசகர் மறந்துவிடாதபடி சுஜாதா பார்த்துக்கொள்கிறார்.

இந்நூற்றாண்டின் படங்களைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்வேன், அவற்றுள் பல என்னை அச்சுறுத்தியதைக் காட்டிலும் சிரிக்க வைத்தனவே மிகுதி. 2005இல் 'சந்திரமுகி' வந்தபோது நிகழ்ந்தது கவனிக்கத்தக்கது. காதலனைக் கொன்று நடனமாதை உயிரோடு எரித்த வேட்டையன் என்னும் அரசனாக ரஜினிகாந்த் தோன்றியபோது கொட்டகை ஆர்ப்பரித்தது. இறையை நாம் விரும்பத் தொடங்கிவிட்டால் அச்சத்திற்கு அங்கே இடமில்லை. 2009இல் வந்த 'ஈரம்' இதற்கு நேர்மாறு. வீண்பழி சுமந்து கணவன் கையால் மாண்ட பெண் தண்ணீராக வந்து நியாயம் கேட்கிறாள். நீலியின் வழித்தோன்றல் என்று அவளைத் தயங்காமல் சொல்லலாம். 2011இன் 'காஞ்சனா'வில் ஆரவாரம் மிகுதிதான். ஆனால் நிலம் பறிக்கப்பட்டுக் கொலையுண்ட திருநங்கையாகச் சரத்குமார் எழுந்துவரும் பகுதியில் சிரிப்பு அடங்கிப்போகிறது. 2012இல் வந்த கார்த்திக் சுப்பராஜின் 'பீட்சா' ஆட்டத்தையே தலைகீழாக்கியது. அங்கே பேய்க்கதையைப் புனைபவன் பீட்சா கொண்டுபோய்க் கொடுக்கும் கூலித் தொழிலாளி. நம்பி நடுங்குபவர் முதலாளி. அப்படம் ஓடியபோது கொட்டகையில் எழுந்த கைதட்டலில் ஒரு பழைய கணக்கு தீர்ந்த ஒலி எனக்குக் கேட்டது.

மொட்டைக் கோபுரம் 1987இல் பதின்மூன்று நிலைகளும் நிரம்பி இராசகோபுரமாயிற்று. இரவெல்லாம் விளக்கொளியில் நிற்கும் அதனைப் பார்த்து எந்தக் குழந்தையும் முந்தானையைப் பற்றுவதில்லை. நாங்கள் படம் பார்த்த கொட்டகைகள் பலவும் மறைந்துவிட்டன. எண்பதைக் கடந்த என் தாயார், தொலைக்காட்சியில் 'நெஞ்சம் மறப்பதில்லை' வரும்போதெல்லாம் தவறாமல் பார்க்கிறார். கண்ணம்மாவின் குரல் வரும் இடங்களில் அசையாமல் அமர்ந்திருப்பார். நம்பியார் கிழவேடத்தில் வந்தால் மட்டும், அடுப்பில் பால் வைத்திருப்பதாகச் சொல்லிவிட்டு எழுந்து போய்விடுவார். பால் எதுவும் அடுப்பில் இருப்பதில்லை.