பனியை உருக்கும் உயிர்கள்

பனியாறுகளின் மேற்பரப்பிலும், கிரீன்லாந்தையும் அண்டார்க்டிகாவையும் மூடிக் கிடக்கும் பெரும் பனிவிரிப்புகளின் மேலும் ஓர் உயிர்க்கூட்டம் வாழ்கிறது. பாசிகள், பாக்டீரியாக்கள், பூஞ்சைகள், வைரசுகள், இவற்றை இரையாகக் கொள்ளும் நுண்விலங்குகள் எல்லாம் அதில் அடக்கம். கோடையில் மேற்பனி இளகி நீர் கசியும் சில வாரங்கள்தான் பெரும்பாலான இடங்களில் இவற்றுக்கு வளர்பருவம். அந்தக் குறுகிய காலத்தில் இவை ஒளிச்சேர்க்கை செய்து, பெருகி, பனியின் நிறத்தையே மாற்றிவிடுகின்றன. மனிதர் கண்ணில் இவை முதலில் பட்டதும் நிறமாகத்தான்.

நெடுநாள் கிடந்த பனி செந்நிறம் கொள்ளும், அதில் புழுக்கள் தோன்றும் என்று விலங்குகளைப் பற்றிய தன் நூலில் அரிஸ்டாட்டில் எழுதியிருக்கிறார். அதற்குப்பின் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு இதை யாரும் ஊன்றி ஆராய்ந்ததாகத் தெரியவில்லை. 18ஆம் நூற்றாண்டில் ஆல்ப்ஸ் மலைகளில் சிவந்த பனியைக் கண்ட ஜெனீவா அறிஞர் ஒராஸ்-பெனடிக்ட் த சோசூர் அதைச் சேகரித்துச் சோதித்தார். அது தாவரப் பொருள் என்று கண்டுகொண்டவர், எங்கிருந்தோ காற்றில் வந்த மகரந்தமாக இருக்கலாம் என்று கருதினார்.

1818 ஆகஸ்டில் ஜான் ராஸ் தலைமையில் ஆர்க்டிக் கடல்வழி தேடிச் சென்ற பிரிட்டிஷ் கப்பல்கள், வடமேற்கு கிரீன்லாந்தின் கேப் யார்க் அருகே பனி மூடிய பாறைச்சரிவுகள் சிவந்து கிடப்பதைக் கண்டன. ராஸ் அவற்றுக்குச் செம்பாறைகள் என்று பெயரிட்டு, உருகிய செந்நீரை லண்டனுக்குக் கொண்டுவந்தார். பறவைகளின் எச்சம் என்று ஒரு கருத்து எழுந்தது; விண்கல்லில் உள்ள இரும்பு என்றது டைம்ஸ் நாளிதழ். நுண்ணோக்கி வழியே பார்த்த ஓவியர் பிரான்சிஸ் பாயர் அதைப் பூஞ்சை வகையில் சேர்த்தார். தாவரவியலாளர் ராபர்ட் பிரவுன் அது பாசி என்று சொன்னார். அவர் சொன்னதே சரி. நெடுங்காலம் கிளாமிடோமோனாஸ் நிவாலிஸ் என்று அழைக்கப்பட்ட செம்பனிப் பாசிகளில் ஒரு பெரும்பகுதிக்கு 2019இல் சாங்குயினா என்ற புதிய பேரினப் பெயர் கிடைத்தது. இறால், சால்மன் மீன் ஆகியவற்றுக்குச் செம்மை தரும் அஸ்டாசாந்தின் என்ற நிறமிதான் இங்கும் வேலை செய்கிறது. கடும் வெயிலிலிருந்து செல்லைக் காப்பது அதன் பணி.

செம்பனி, பனி பொழிந்து தங்கும் இடத்தின் கதை. பழம்பனி வெளிப்பட்டுக் கிடக்கும் வெற்றுப் பனிக்கட்டியின் கதை வேறு. அது 1870இல் தொடங்குகிறது.

அந்த ஆண்டு கோடையில் துருவப் பயண ஆய்வாளர் அடோல்ஃப் எரிக் நோர்டன்ஷெல்டும் ஸ்வீடனின் தாவரவியலாளர் ஸ்வென் பெர்க்ரனும் மேற்கு கிரீன்லாந்தின் பனிவிரிப்பு மேல் நடந்து சென்றார்கள். பனியெங்கும் சிறுசிறு உருளைக் குழிகள். அவற்றின் அடியில் சாம்பல் நிறப் பொடி. அதற்கு கிரையோகோனைட் என்று பெயரிட்ட நோர்டன்ஷெல்ட், அதில் இரும்புத் துகள்கள் இருந்ததால் ஒரு பங்கு விண்வெளியிலிருந்து விழுந்த தூசி என்று நம்பினார். ஆனால் பெர்க்ரன் அந்தப் பனியில் ஊதாப் பழுப்பு நிறப் பாசி ஒன்றைக் கண்டார். தோழரின் பெயரால் அதற்கு ஆன்சிலோனீமா நோர்டன்ஷெல்டியை என்று பெயர் சூட்டினார். கருமை வெப்பத்தை ஈர்க்கும், வெப்பம் பனியை உருக்கும் என்பதை நோர்டன்ஷெல்ட் உடனே உணர்ந்துகொண்டார். ஐரோப்பாவையும் வட அமெரிக்காவையும் மூடியிருந்த பழைய பனிவிரிப்புகள் மறைந்ததில்கூட இந்தச் சிறு தாவரத்துக்குப் பங்கு இருக்கலாம் என்று எழுதும் அளவுக்குப் போனார். பனியூழிகளின் முடிவுக்கு வேறு பெருங்காரணங்கள் உண்டு என்பது பின்னால் தெளிவானது. ஆனாலும் பாசி பனியை உருக்கும் என்ற அவருடைய அடிப்படைக் கருத்து முழுக்கச் சரி. அதை எண்களால் நிறுவ அறிவியலுக்கு ஒரு நூற்றாண்டுக்கு மேல் தேவைப்பட்டது.

அந்தக் குழிகள் உருவாகும் விதம் எளிது. காற்றில் வந்த தூசி பனியில் படிகிறது. வெயிலில் சூடேறிச் சுற்றியுள்ள பனியை உருக்கிக் கீழிறங்குகிறது. போதிய ஒளி எட்டாத ஆழம் வந்ததும் இறங்கும் வேகம் மட்டுப்படுகிறது. குழியில் தேங்கும் நீர் உறைநிலையை ஒட்டியே இருக்கும். அந்த நீரில் இழை இழையான சயனோபாக்டீரியாக்கள் தூசியைப் பின்னிப் பிணைத்துக் கேழ்வரகு மணி போன்ற கரும் உருண்டைகளாக்குகின்றன. வெளியே ஒளிச்சேர்க்கை, உள்ளே சிதைவு என்று ஒவ்வோர் உருண்டையும் ஒரு சிறு உலகம். நீர்க்கரடிகள், ரோட்டிஃபர்கள் போன்ற நுண்விலங்குகள் அங்கே மேய்கின்றன. அண்டார்க்டிகாவின் மக்மர்டோ வறண்ட பள்ளத்தாக்குகளில் இதே குழிகளின் மேல் பனிமூடி உறைந்துவிடுவதால், உள்ளிருக்கும் உயிர்கள் ஆண்டுக்கணக்கில் வெளிக்காற்றே படாமல் வாழ்கின்றன. இந்தக் கரும் உருண்டைகள் காற்றில் வரும் கதிரியக்கப் படிவையும் பிடித்து வைத்துக்கொள்கின்றன. செர்னோபில் விபத்தின் சீசியம் ஆல்ப்ஸ் பனியாற்றுக் குழிகளில் இன்றும் அளக்கக் கிடைக்கிறது.

20ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் இத்துறையைத் தாங்கிப் பிடித்தவர்களில் முதன்மையானவர் ஹங்கேரியின் எர்ஷெபெத் கோல். அலாஸ்கா உட்படப் பல நாட்டுப் பனிகளில் பாசிகளைத் தேடிய அவர், தம் வாழ்நாள் உழைப்பை 1968இல் ஒரு பெருநூலாகத் தொகுத்தார். இருந்தும் அவருடைய காலத்தில் பனியாற்றியலாளர்களுக்குப் பனி வெறும் இயற்பியல் பொருளாகவே இருந்தது.

இந்தப் பார்வை மாற இமயமலை உதவியது. நேபாளத்தின் லாங்டாங் பகுதியில் உள்ள யாலா பனியாற்றில், மைனஸ் 16 டிகிரி செல்சியஸ் குளிரிலும் பனிமேல் நடமாடும், பறக்க இயலாத சிறு பூச்சி ஒன்றை ஜப்பானிய ஆய்வாளர் ஷிரோ கோஷிமா 1984இல் அறிவித்தார். அதன் புழுக்களுக்கு உணவு பனியாற்றிலேயே வளரும் சயனோபாக்டீரியாக்களும் பிற பாக்டீரியாக்களும். பனியாற்றின் மேலேயே ஒரு முழு உணவுச்சங்கிலி இருந்தது! அவரும் நொசோமு தக்கேயுச்சி முதலானோரும் தொடர்ந்து செய்த ஆய்வுகள், பனியின் மேலுள்ள கரும்படலத்தில் உயிரிகளின் பங்கு கணிசமானது, அது உருகலை விரைவுபடுத்துகிறது என்று காட்டின.

2009இல் அலெக்சாண்டர் அனேசியோவும் உடன் ஆய்ந்தவர்களும் அண்டார்க்டிகா நீங்கலான உலகப் பனியாறுகளின் கிரையோகோனைட் குழிகள் ஆண்டுக்கு ஏறத்தாழ 64,000 டன் கார்பனை நிலைநிறுத்துவதாக மதிப்பிட்டனர். 2012இல் அனேசியோவும் ஜொஹன்னா லேபர்ன்-பாரியும், காடு, புல்வெளி, பாலை போலப் பனியாறுகளையும் பனிவிரிப்புகளையும் தனியொரு உயிர்மண்டலமாகக் கொள்ள வேண்டும் என்று வாதிட்டனர். இன்று அது பரவலாக ஏற்கப்படும் கருத்து.

தென்மேற்கு கிரீன்லாந்தில் கோடைதோறும் கருத்துப் போகும் ஒரு நீண்ட பட்டை செயற்கைக்கோள் படங்களில் தெரியும். தூசியும் புகைக்கரியும் மட்டுமே காரணம் என்று எண்ணப்பட்ட இடம் அது. ஆனால் 2010களின் ஆய்வுகள் அங்கே பெர்க்ரன் கண்ட அதே ஆன்சிலோனீமாவையும் அதன் உறவுகளையும் முதன்மைக் காரணமாக நிறுத்தின. இப்பாசிகளின் பழுப்பு நிறமி மிகையான ஒளியைத் தடுத்துப் பசுங்கணிகத்தைக் காக்கிறது. ஈர்த்த ஒளியை வெப்பமாக்கிச் செல்லைச் சுற்றியுள்ள பனியை இளக்கி நீரும் தருகிறது. பாசிக்குத் தேவையான நீர் இப்படிக் கிடைக்கிறது. அதன் விலையைப் பனிவிரிப்பு கொடுக்கிறது. 2017 கோடையில் அந்தத் தென்மேற்குப் பகுதியிலிருந்து வழிந்த மொத்த நீரில் 10 முதல் 13 விழுக்காடு பாசி வளர்ச்சியால் கூடுதலாக உருகியது என்று 2020இல் வெளியான ஆய்வு கணக்கிட்டது. பாறைத்தூசியிலிருந்து கிடைக்கும் பாஸ்பரஸ் இப்பாசிகளுக்கு உரமாகிறது என்று 2021இல் தெரியவந்தது. 2024இல் கிரீன்லாந்தின் செம்பனியிலும் கரும்பனியிலும் ராட்சத வைரசுகளின் மரபுச்சுவடுகள் கண்டறியப்பட்டன. அவை பாசிகளைத் தொற்றிப் பெருக்கத்துக்கு அணை போடக்கூடுமா என்பது இப்போது ஆராயப்படுகிறது.

பனியில் வாழும் உயிர்களின் பட்டியல் இன்னும் நீண்டுகொண்டிருக்கிறது. திபெத்தியப் பீடபூமியின் 21 பனியாறுகளிலிருந்து எடுத்த மாதிரிகளில் மட்டும் 968 நுண்ணுயிர் இனங்களை 2022இல் ஆய்வாளர்கள் அடையாளம் கண்டனர். அவற்றில் மிகப் பெரும்பாலானவை அதுவரை அறியப்படாதவை. அதே ஆண்டு வெளியான மற்றோர் ஆய்வு, வட அரைக்கோளப் பனியாறுகளின் மேற்பரப்பில் வழியும் உருகுநீரின் ஒவ்வொரு மில்லிலிட்டரிலும் சராசரியாகப் பத்தாயிரம் அளவில் நுண்ணுயிர்ச் செல்கள் இருப்பதாகக் கண்டது. அடுத்த 80 ஆண்டுகளில் ஆண்டுக்குச் சுமார் 6.5 லட்சம் டன் செல் கார்பன் இப்படி ஆறுகளிலும் ஏரிகளிலும் கடலிலும் சேரும் என்பது அதன் கணிப்பு.