பாயிலிருந்து மேசைக்கு

எட்டுப் பேர் சேர்ந்து ஒரு தாய்லாந்து உணவகத்துக்குப் போய், ஆளுக்கொரு தட்டு பாத் தாய் நூடுல்ஸ் சொல்லி, அவரவர் தட்டைக் காலி செய்துவிட்டுத் திரும்பினால், அது அந்தச் சமையலுக்குச் செய்கிற அநியாயம். தனி ஆளுக்கென்று உருவான சாப்பாடு அல்ல அது. சோறு மட்டும்தான் அவரவர் தட்டில் இருக்கும். மற்றதெல்லாம் நடுவில், எல்லோருக்கும் பொதுவாக. வாழை இலையில் ஒவ்வொருவருக்கும் தனித்தனியே பரிமாறும் தமிழ்ப் பந்திக்கு நேர் எதிரான ஏற்பாடு.

ஒரு வேளைச் சோற்றுக்குத் துணையாக, ஒன்றுக்கொன்று ஈடுகொடுத்து வரும் பதார்த்தங்களின் தொகுதியை அங்கே 'சம்ராப்' என்கிறார்கள். தேங்காய்ப்பால் கறி காரமாக இருந்தால் பக்கத்தில் இனிப்புச் சேர்த்து வதக்கிய இறைச்சி வரும், அல்லது உப்பு முட்டை வரும். புளிப்பும் உறைப்புமாக ஒரு டோம் யாம் சூப். மிளகாய், பூண்டு, இறால் விழுது எல்லாம் உரலில் இடித்துச் செய்த நாம் பிரிக்; அதில் தொட்டுக்கொள்ளப் பச்சைக் காய்கள்; கூடவே பொரித்த மீன். இவற்றில் ஒன்றை மட்டும் பிரித்தெடுத்து ஒருவர் முன்னால் வைத்தால், பாதிப் பேச்சில் எழுந்து போன மாதிரிதான்.

இந்தச் சாப்பாட்டு முறை பழையது. அதைச் சுற்றியிருந்த பொருட்கள்தான் மாறிக்கொண்டே வந்தன.

1687-இல் பிரெஞ்சு மன்னர் பதினான்காம் லூயியின் தூதராக, சயாம் என்று அன்று அழைக்கப்பட்ட தாய்லாந்தின் தலைநகரான அயூத்தியாவுக்கு வந்த சிமோன் த லா லூபேர், சயாமியர் எவ்வளவு கொஞ்சமாகச் சாப்பிடுகிறார்கள் என்று வியந்து எழுதினார். நாளுக்கு ஒரு பவுண்டு அரிசி, கொஞ்சம் உலர்ந்த மீன் அல்லது உப்பு மீன், அவ்வளவில் ஒரு மனிதன் நிறைவாகச் சாப்பிட்டுவிடுகிறான் என்பது அவர் கணக்கு. அப்போது மேசை இல்லை, நாற்காலி இல்லை. பாயில் உட்கார்ந்து, கிண்ணங்களை நடுவில் வைத்து, கையால் சாப்பிட்டார்கள். இன்று தாய்லாந்து உணவின் அடையாளமாகிவிட்ட மிளகாயும் வந்தேறிதான். 1511-இல் போர்ச்சுகீசியர் அயூத்தியாவோடு தொடர்பு வைத்த பிறகே அது அந்த மண்ணில் பரவியது. அதற்கு முன் மிளகும் திப்பிலியும்தான் காரம் தந்தன.

பாயை விட்டு மேசைக்கு ஏறியது அரண்மனையில் தொடங்கிய மாற்றம். மோங்குட் மன்னர் காலத்திலேயே ஐரோப்பிய விருந்தினருக்கு அவர்கள் வழக்கப்படி மேசை போடப்பட்டது. அவர் மகன் சூலலோங்கோர்ன் 1868-இல் பதினைந்து வயதில் அரியணை ஏறினார். 1871-இல் சிங்கப்பூருக்கும் ஜாவாவுக்கும், அடுத்து இந்தியாவுக்கும் போய்வந்தார். குடியேற்ற நாடுகளின் ஆளுநர்கள் எப்படி நடந்துகொள்கிறார்கள், எப்படி விருந்து வைக்கிறார்கள் என்பதை நேரில் பார்த்தார். 1873-இல், மன்னர் முன் தரையில் விழுந்து கிடக்கும் வழக்கத்தை ஒழித்தார். தரையிலிருந்து எழுந்து நிற்பதும் நாற்காலியில் உட்கார்ந்து சாப்பிடுவதும் ஒரே காலத்தில், ஒரே நோக்கத்தில் வந்தவை. சுற்றிலும் பிரிட்டனும் பிரான்சும் நாடுகளை விழுங்கிக்கொண்டிருந்த நேரத்தில், 'நாங்கள் நாகரிகமற்றவர்கள் அல்லர்' என்று காட்டவேண்டிய கட்டாயம் சயாமுக்கு இருந்தது. சாப்பாட்டு மேசையும் அந்த அரசியலில் ஓர் ஆயுதம்.

ஆனால் ஐரோப்பிய மேசையை அப்படியே எடுத்துக்கொள்ளவில்லை. இங்கேதான் தாய்லாந்து மக்களின் தெளிவு தெரிகிறது. கத்தி மேசைக்கு வரவே இல்லை, ஏனென்றால் இறைச்சியும் காயும் அடுப்படியிலேயே ஒரு வாய் அளவுக்கு நறுக்கப்பட்டுவிடுகின்றன. முள்கரண்டி இடது கையில். அது தள்ளிவிடுவதற்கு மட்டும். வாய்க்குப் போவது வலது கையிலுள்ள கரண்டி. சோறும் குழம்பும் சாப்பிடுகிறவர்களுக்கு இதைவிடப் பொருத்தமான ஏற்பாடு கிடையாது. சீனர் வழியாக வந்த குச்சிகள் நூடுல்ஸ் கிண்ணத்தோடு நின்றுவிட்டன. வடக்கிலும் வடகிழக்கிலும் ஒட்டரிசிச் சோற்றை இன்றும் விரலால் உருட்டித்தான் சாப்பிடுகிறார்கள்.

அரண்மனையில் தொடங்கியதைத் தெருவுக்கு இழுத்து வந்தது இன்னொரு கை. 1938-இல் பிரதமரான ராணுவ அதிகாரி பிளேக் பிபுன்சோங்க்ராம் அடுத்த ஆண்டு நாட்டின் பெயரையே சயாமிலிருந்து தாய்லாந்து என்று மாற்றினார். அதில் தொடங்கிப் பன்னிரண்டு பண்பாட்டு ஆணைகள் வந்தன. என்ன உடுத்தவேண்டும் என்பது மட்டுமல்ல, வேளாவேளைக்குச் சாப்பிடவேண்டும், நாளுக்கு நான்கு வேளைக்கு மேல் கூடாது என்பதுகூட அரசாணையில் இருந்தது. இரண்டாம் உலகப் போரும் 1942-இன் பெருவெள்ளமும் சேர்ந்து நெருக்கியபோது நூடுல்ஸ் சாப்பிடச் சொல்லி அரசு பிரசாரம் செய்தது. சீனர் வழி வந்த வறுத்த நூடுல்ஸ் 'பாத் தாய்' என்ற தேசியப் பெயரோடு தள்ளுவண்டிகளில் ஏறிய காலம் இது. உலகம் முழுவதும் தாய்லாந்தின் முகமாகிவிட்ட அந்தத் தட்டு, ஒருவர் தனியே சாப்பிடும் மதியச் சிற்றுண்டி. நண்பர்கள் கூடும் மேசைக்கென்று வந்ததல்ல.

பகிர்ந்துண்ணும் பழைய முறையை விருந்தினருக்குக் காட்டவேண்டும் என்று நினைத்தவர்களும் இருந்தார்கள். 1953-இல் வடக்கே சியாங் மாய் நகரத்தில் அந்த ஊர்ப் பிரமுகர் கிரைஸ்ரீ நிம்மானஹேமின், ஊரைவிட்டுப் போகும் நண்பர்களுக்குப் பிரிவு விருந்து வைத்தார். வடக்கத்தி வீடுகளில் புழங்கும், குட்டைக்கால் வைத்த வட்டத் தட்டான 'கான்தோக்'கைச் சுற்றி எல்லோரையும் உட்காரவைத்தார். மூங்கில் கூடையில் ஒட்டரிசிச் சோறு, ஹாங் லே பன்றிக்கறி, தக்காளியும் இறைச்சியும் சேர்ந்த நாம் பிரிக் ஓங், பொரித்த பன்றித்தோல் இவைதாம் இன்றும் அந்தத் தட்டின் வழக்கம். ஒரு நட்பு விருந்தாகத் தொடங்கியது, 1970களிலிருந்து சுற்றுலாப் பயணிகளுக்கு நடனத்தோடு தினமும் நடக்கும் நிகழ்ச்சியாகிவிட்டது.

வெளிநாட்டுக் கதை வேறு. லண்டனின் தென் கென்சிங்டனில் 1967-இல் 'தி பேங்காக்' திறந்தது. அமெரிக்காவில் 1965-இன் குடியேற்றச் சட்டம் ஆசியர்களுக்குக் கதவைத் திறந்தபின், தாய்லாந்து மாணவர்களும் செவிலியர்களும் லாஸ் ஏஞ்சலஸில் குடியேறினார்கள். வியட்நாம் போர்க்காலத்தில் தாய்லாந்துத் தளங்களில் இருந்துவிட்டு, அந்தச் சுவை நாக்கில் ஒட்டியபடி ஊர் திரும்பிய அமெரிக்கச் சிப்பாய்களும் இருந்தார்கள். சமைக்கத்தான் சாமான் இல்லை. புளிக்குப் பதில் தக்காளிக் கெச்சப் ஊற்றிய பாத் தாய் அந்தத் தட்டுப்பாட்டின் பிள்ளை. 1970களின் தொடக்கத்தில் பிரமோட் திலகமொன்குல் கிழக்கு ஹாலிவுட்டில் 'பேங்காக் மார்க்கெட்' திறந்தார். மீன் சாறும் தேங்காய்ப்பாலும் எலுமிச்சைப்புல்லும் ஓரிடத்தில் கிடைத்தன. அதைச் சுற்றி உணவகங்கள் முளைத்தன. 1999-இல் அந்தப் பகுதிக்கு நகர நிர்வாகம் 'தாய் டவுன்' என்றே பெயர் சூட்டியது.

அந்த உணவகங்களில் சம்ராப் சிதைந்தது. மேற்கத்திய வாடிக்கையாளர் முதலில் சூப், பிறகு தொடக்க உணவு, அப்புறம் ஆளுக்கொரு முதன்மை உணவு என்று கேட்டார். சோற்றோடு சேர்த்துச் சாப்பிடவேண்டிய டோம் யாம் தனியே முதலில் வந்து ஆறிப்போனது. கூட்டமாக வருபவர்களுக்கென்று பிரிட்டனில் 'இரண்டு பேர் முதல்' என்று தொடங்கும் செட் மெனுக்கள் வந்தன. நடுவில் வைத்துப் பகிரும் வழக்கம் அந்த ஓரத்தில்தான் கொஞ்சம் உயிர்பிடித்து நின்றது.

புத்தாயிரத்தின் தொடக்கத்தில் தாய்லாந்து அரசே வெளிநாட்டு உணவகங்களை வளர்ப்பதில் இறங்கியது. வெளிநாட்டில் அப்போது சுமார் 5,500 தாய்லாந்து உணவகங்கள். எண்ணிக்கையைக் கூட்ட ஏற்றுமதி வங்கிக் கடன், சமையல்காரர்களுக்குப் பயிற்சி, மலிவு முதல் ஆடம்பரம் வரை மூன்று மாதிரி உணவகத் திட்டங்கள், 'தாய் செலக்ட்' தரச் சான்று என்று ஒவ்வொன்றாக வந்தன. 2005-இல் நியூசிலாந்துடன் நடைமுறைக்கு வந்த வர்த்தக ஒப்பந்தத்தில் தாய்லாந்துச் சமையல்காரர்கள் வேலைக்குப் போவதற்குத் தனி ஏற்பாடே இருந்தது. இன்று சிறு நகரங்களிலும் ஒரு தாய்லாந்து உணவகம் இருப்பதற்கு அந்த அரசின் இந்த உழைப்பும் ஒரு காரணம்.

அங்கே கூட்டமாகப் போகிறவர்கள் தாய்லாந்துக்காரர்கள் செய்வதைப் போலவே செய்துபார்க்கலாம். மேசையில் விவரம் தெரிந்த ஒருவரே எல்லோருக்கும் சேர்த்துச் சொல்வார்: ஒரு கறி, ஒரு வதக்கல், ஒரு சூப், ஒரு மீன், காரத்தைத் தணிக்க ஒன்று. வந்ததை எல்லாம் தட்டில் குவிக்கமாட்டார்கள். ஒரு பதார்த்தத்தில் ஒரு கரண்டி எடுத்து, சோற்றின் ஓரத்தில் விட்டு, அதைச் சாப்பிட்டபின் அடுத்தது. எடுப்பதற்கு 'சோன் கிளாங்' என்னும் பொதுக் கரண்டி. சூடாகச் சாப்பிடு, பொதுக் கரண்டி பிடி, கை கழுவு என்று தாய்லாந்தின் சுகாதாரத் துறை சொல்லிச் சொல்லிப் பழக்கியது அது. பில் வந்தால் மூத்தவரோ மேலதிகாரியோ வாங்கிக்கொள்வது பழைய மரியாதை. சம வயது நண்பர்கள் மட்டும் தொகையை ஆள்கணக்கில் வகுத்துக்கொள்கிறார்கள்; பாங்காக்கில் அதற்குப் பெயர் 'அமெரிக்கன் ஷேர்'.