மஞ்சள் நீரும் மறுக்கப்பட்ட கைகளும்

நம் திருமணங்களின் வரலாற்றை ஆராய்வோர் தாலியைப் பற்றி எழுதுகின்றனர். சீதனத்தைப் பற்றியும் எழுதுகின்றனர். கிணற்றடியைப் பற்றி எழுதுவோர் அரியர். மணப்பெண்ணுக்கு எண்ணெய் வைத்து, மஞ்சள் பூசி, நீராட்டி, தலைக்குச் சாம்பிராணிப் புகை பிடிக்கும் அந்த ஒரு நாளைப் ‘பெண்கள் காரியம்’ என்று ஒதுக்கிவிடுவது அறிஞர் வழக்கம். ஆயினும் ஒரு சமுதாயம் தன் பெண்களை எவ்வாறு மதிக்கின்றது என்பதை அறிய மணவறையைக் காட்டிலும் கிணற்றடியே நல்ல சான்று. அங்கே நாம் கேட்கவேண்டிய கேள்வி மிக எளியது: நீர் வார்க்கும் கை யாருடையது?

திருகோணமலைத் துறைமுகத்துக்குத் தெற்கே, கொட்டியாரக் குடாவையும் மூதூரையும் கடந்து சென்றால் ஈச்சிலம்பற்றை அடைவோம். மகாவலியின் கிளையாகிய வெருகலாறு கடலைச் சேரும் நிலப்பகுதி அது. வெருகல் சித்திரவேலாயுதர் கோயிலால் பெயர்பெற்றது. வயலும் சேனைப்பயிரும் மீன்பிடியும் அம்மக்களின் சீவனம். இத்தகைய ஊர்களில் மணப்பெண்ணை அழகுபடுத்த வெளியிலிருந்து வரவேண்டிய பொருள் எதுவும் பெரிதாக இருந்ததில்லை. நல்லெண்ணெய், பச்சை மஞ்சள், பயற்றம்மா, அரப்பு, அவித்த தேசிக்காய், செவ்வரத்தை இலை, மருதோன்றி இவையே அதன் முதல். கிடுகினால் ஒரு மறைப்பு, அமர ஒரு பலகை, நிறைகுடங்கள் சில, அம்மியில் அரைக்கச் சில கைகள், இவ்வளவே ஏற்பாடு.

இதில் அறிவு இல்லை என்று எவரும் எண்ணவேண்டா. மஞ்சளின் நிறப்பொருள் நீரில் அரிதாகவே கரையும். எண்ணெயில் நன்கு கரையும். எண்ணெய் பூசிய மேனியில் மஞ்சள் பூசிய பாட்டிமார் இதனைப் பட்டறிவினால் அறிந்திருந்தனர். மிகுந்த எண்ணெயைப் பயற்றம்மா உறிஞ்சி எடுக்கும். அரப்பிலும் சீயாக்காயிலும் உள்ள சபோனின் என்னும் பொருள் நுரைத்து அழுக்கை நீக்கும். ஆய்வுக்கூடம் பெயரிடுவதற்கு முன்பே அடுக்களை கண்ட இரசாயனம் இது.

திருமண நாளில் ஈழத்து வீடுகளில் இந்நீராட்டு ‘பால் அறுகு வைத்தல்’ என்னும் சடங்கோடு தொடங்கும். பாலில் அறுகம்புல்லும் காசும் இட்டு, மாமனும் மாமியும் மற்ற மூத்தோரும் பெண்ணின் தலையில் வைத்து வாழ்த்துவர். பின்னரே நீர் வார்ப்பர். வாழ்த்துவதற்குக் கூடுவோர் பலராயினும், வாழ்த்தும் தகுதி எல்லோர்க்கும் அளிக்கப்பட்டதில்லை. இங்கேதான் வரலாறு நம் முன் நிற்கின்றது.

அகநானூற்றின் 86ஆம் பாட்டு, நல்லாவூர் கிழார் பாடியது. அதில் ஒரு பழந்தமிழ்த் திருமணம் காட்சி தருகின்றது. உழுந்து கலந்த சோறு, மணல் பரப்பிய பந்தல், ஏற்றிய விளக்கு, விடியற்காலம். புரோகிதர் இல்லை; வேள்வித்தீயும் இல்லை. பூவும் நெல்லும் இட்ட நீரால் பெண்ணை நீராட்டுவதே அத்திருமணத்தின் நடுநாயகமான நிகழ்ச்சி. பெண்களே பெண்ணுக்குச் செய்விக்கும் இத்திருமணத்தை நாம் பெருமையோடு எடுத்துக்காட்டுவது வழக்கம். காட்டவேண்டியதே. ஆனால், நீராட்டிய நால்வர் யாவர்? புதல்வரைப் பெற்ற மகளிர். மகப்பேறு இல்லாதவளுக்கும், மகளை மட்டும் பெற்றவளுக்கும், கணவனை இழந்தவளுக்கும் அக்குடத்தில் பங்கில்லை என்பதை அப்பாட்டே சொல்லாமற் சொல்கின்றது.

புறநானூற்றின் 246ஆம் பாட்டு இதன் மறுபக்கம். பூதப்பாண்டியன் தேவி பெருங்கோப்பெண்டு, தீப்புகுமுன் கைம்பெண்ணின் வாழ்க்கையை விரித்துரைக்கின்றாள்: நெய்யற்ற உணவு, வேளைக்கீரை, பாயின்றிப் பருக்கைக் கற்களின்மேல் படுக்கை. ஒருத்திக்கு நெய்யும் நீரும் பூவும். மற்றொருத்திக்கு அவை யாவும் விலக்கு. ஒரே தொகைநூற் காலத்தின் இரு முகங்கள் இவை.

வகுப்புப் பிரிவும் இந்நீராட்டில் தோன்றாமற் போகவில்லை. சிலப்பதிகாரத்துக் கடலாடு காதையில் மாதவி பத்துவகைத் துவரும் ஐவகை விரையும் முப்பத்திருவகை ஓமாலிகையும் ஊறிய நீரில் ஆடுகின்றாள். ஊடிய கோவலனை மகிழ்விக்கவே இவ்வளவும். வணிகச் செல்வம் குவிந்த புகாரில் பெண்ணின் மேனி ஆணின் இன்பத்திற்கான பொருளாக அணிசெய்யப்பட்டது. இந்த நீரைக் காய்ச்சி வார்த்த கைகளைப் பற்றிக் காப்பியம் பேசவில்லை.

சாதியும் கிணற்றடிக்கு வந்தது. மேற்கட்டி கட்டவும், நிலபாவாடை விரிக்கவும், மாற்றுச்சேலை கொண்டுவரவும் கட்டாடியார் வேண்டும். அவரின்றிச் சடங்கு நிறைவுறாது. ஆயினும் அவர் பந்தியில் சமமாக அமர இயலாது. தீண்டத்தகாதோர் என ஒதுக்கப்பட்ட மக்கள் வடபகுதியில் பொதுக்கிணற்றில் நீரள்ளவும் தடுக்கப்பட்டனர். 1957ஆம் ஆண்டின் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் இத்தகைய தடைகளைக் குற்றமாக்கியது. அது வெறும் ஏட்டுச் சட்டமாக நில்லாதிருக்க மக்கள் போராட வேண்டியிருந்தது.

பின்னர் வந்தது சந்தை. 1884இல் இங்கிலாந்தில் லீவர் சகோதரர் ‘சன்லைட்’ சவர்க்காரத்தை விற்பனைக்குக் கொண்டுவந்தனர். நம் தென்னந்தோப்புகளின் எண்ணெய் கப்பலேறிச் சென்று, கட்டியாகி, உறையிடப்பட்டு, நம்மிடமே விலையாகத் திரும்பியது. 1975இல் இந்தியாவில் ‘ஃபேர் அண்ட் லவ்லி’ என்னும் பூச்சு புறப்பட்டது. கருப்பு நிறம் ஒரு குறை என்று நம் பெண்களுக்குக் கற்பித்து, அக்குறைக்கு மருந்தையும் தானே விற்றது. உலகெங்கும் நிறவெறிக்கு எதிராகக் குரல் எழுந்தபின் 2020இல் அதன் பெயர் ‘குளோ அண்ட் லவ்லி’ என்று மாறிற்று. பொருள் கடையிலேயே இருந்தது.

மஞ்சளையே கைப்பற்றவும் முயற்சி நடந்தது. புண்ணை ஆற்ற மஞ்சளைப் பயன்படுத்தும் முறைக்கு 1995இல் அமெரிக்காவில் மிசிசிப்பிப் பல்கலைக்கழக மருத்துவ மையத்துக்குக் காப்புரிமை வழங்கப்பட்டது. இந்திய விஞ்ஞான, தொழில் ஆராய்ச்சி மன்றம் பழைய நூற்சான்றுகளைக் காட்டி வழக்காட, 1997இல் அது நீக்கப்பட்டது. நம் பாட்டிமாரின் அறிவு பொதுச்சொத்து என்று மெய்ப்பிக்க ஓர் அரசு நிறுவனமே வழக்காட வேண்டியிருந்தது. 2020இல் இலங்கையில் மஞ்சள் இறக்குமதி தடுக்கப்பட்டபோதோ விலை பன்மடங்கு ஏறி, தமிழகக் கரையிலிருந்து மஞ்சள் மூட்டைகள் கள்ளத்தனமாகக் கடல் கடந்தன. ஏழை வீட்டு மணப்பெண்ணின் மஞ்சளும் உலகச் சந்தையின் கயிற்றில் கட்டப்பட்டிருப்பதை அவ்வாண்டு நாம் கண்டோம்.

இனி மீண்டும் ஈச்சிலம்பற்றுக்கு வருவோம். 2004 டிசம்பர் 26இல் கடற்கோள் அக்கரையைத் தாக்கியது. இரண்டாண்டு கழியுமுன், 2006இல், மாவிலாற்று நீரை முன்னிட்டு மூண்ட போர் மக்களை வாகரைக்கும், அங்கிருந்து மட்டக்களப்பு முகாம்களுக்கும் துரத்தியது. திரும்பி வந்தோர் 2007க்குப் பின் வீடுகளை மறுபடியும் எழுப்பினர். போர் முடிந்தபின், 2010இல் அரசுத் தரப்பிலிருந்து வெளிவந்த கணக்கு வடக்கிலும் கிழக்கிலும் ஏறத்தாழ 89,000 விதவைகள் உள்ளனர் என்றது. அவர்களிற் பாதிக்கு மேற்பட்டோர் கிழக்கு மாகாணத்தவர்.

இந்த எண்ணைக் கிணற்றடிக்குக் கொண்டுவந்து பாருங்கள். கிழக்கிலங்கைத் தமிழரிடையே குடிமரபு பெரும்பாலும் தாய்வழியாகச் செல்கின்றது. வீடு தாயிடமிருந்து மகளுக்குச் சீதனமாகப் போகின்றது. மணமகனே பெண் வீட்டுக்கு வாழ வருகின்றான். கணவனை இழந்த தாய் கூலி வேலை செய்து, கல் மேல் கல் வைத்து வீட்டைக் கட்டி, அதனை மகள் பெயருக்கு எழுதிக் கொடுக்கின்றாள். மஞ்சளை இடிப்பவள் அவள். பயற்றை வறுப்பவள் அவள். எண்ணெய்க்குக் கடன் வாங்கியவளும் அவள். நீர் வார்க்கும் வேளையில் மட்டும் அவள் அடுக்களைக் கதவின் பின்னே நிற்கவேண்டும். அவள் கை ‘அமங்கலம்’!

இதனைச் செய்விப்பது எந்தக் கொடியவரும் அல்லர். ‘பிள்ளைக்கு ஒன்றும் ஆகிவிடக்கூடாது’ என்னும் அச்சத்தினால் அத்தாயே தானாக விலகி நிற்கின்றாள். அடிமைத்தனம் அன்பின் வேடத்தில் வரும்போதுதான் அதனை அடையாளம் காண்பது கடினம்.

நீராட்டை ஒழிக்கவேண்டும் என்று சில பகுத்தறிவாளர் கூறக்கூடும். நாம் அவ்வாறு கருதவில்லை. ஊர்ப்பெண்கள் ஒன்றுகூடி, தம்முள் ஒருத்தியின் களைப்பை நீக்கி, தலைகோதி, சிரித்துப் பேசி, குரவையிட்டு அனுப்பும் ஒரு நாள் உழைக்கும் பெண்ணின் வாழ்வில் எத்தனை முறை வரும்? விலை கேட்காமல் ஒருவர்க்கொருவர் செய்யும் அவ்வுழைப்பு காக்கத்தக்கது. அதே பணியை இன்று நகரத்து அழகு நிலையங்கள் பொதிகளாகக் கட்டி விற்கின்றன. கடன்பட்டேனும் வாங்கத் தூண்டுகின்றன. வீட்டு முற்றத்தில் செய்வது அதனினும் மலிவு, அதனினும் இனிது. ஆனால் அதிலுள்ள நஞ்சை நீக்கியே அதனை நாம் காக்கவேண்டும். நிறத்தை வெளுக்கச் செய்வதற்காக மஞ்சள் பூசவேண்டா. மேனி குளிரப் பூசுவோம். மங்கலம், அமங்கலம் என்று கைகளைப் பிரிக்கவேண்டா; உழைத்த கைகளையே அழைப்போம்.

ஆசிரியர்களும் மாணவர்களும் தம் வீட்டுத் திருமணத்தில் செய்யக்கூடியது ஒன்றுண்டு. அதற்குச் சட்டமும் வேண்டா, செலவும் வேண்டா. கதவின் பின்னே நிற்கும் தாயின் கையைப் பற்றிக் கிணற்றடிக்கு அழைத்து வாருங்கள். முதற்குடத்து நீரை அவள் வார்க்கட்டும்.