மலையில் விளைந்த ஏலம், கப்பலில் வந்த ஏலம்

பொட்டிபுரத்துக்கு மேற்கே எழும் மலைத்தொடரில் ஏலம் காய்க்கிறது. காய் பறித்து, ஸ்டோரில் உலர்த்தி, மூட்டை கட்டிப் போடிநாயக்கனூருக்கு இறக்கினால், ஸ்பைசஸ் போர்டின் மையத்தில் விலை கேட்பார்கள். ‘ஏலக்காய் ஏலம்’ என்று ஊரில் சொல்லும்போது ஒரே சொல் இருமுறை வருவதுபோலத் தோன்றும். ஒலிதான் ஒன்று, சொல் இரண்டு.

முதல் ஏலம் இந்த மலையின் சொல். கன்னடத்தில் ஏலக்கி, வடமொழியில் ஏலா. தாவரவியலாரின் ‘எலெட்டாரியா’வும் ஏலத்து அரி, அதாவது ஏலரிசி என்ற மலபார்ப் பெயர்தான். டச்சுக்காரர் வான் ரீடு 17ஆம் நூற்றாண்டில் தொகுத்த ‘ஹோர்டஸ் மலபாரிக்கஸ்’ வழியாக அது ஐரோப்பாவுக்குப் போனது.

இரண்டாவது ஏலம் எதிர்த்திசையில் வந்தது. போர்த்துகீசியர் ‘லெய்லாவ்’ என்பார்கள். கடைசி ஒலி மூக்கில் முடியும். நம் வாயில் அந்த மூக்கொலி ‘ம்’ ஆயிற்று. லகரம் தமிழ்ச் சொல்லுக்கு முதலெழுத்து ஆகாது. லாபத்துக்கு முன்னால் ‘இ’ சேர்த்து இலாபம் என்றவர்கள், இங்கே லகரத்தையே உதிர்த்துவிட்டார்கள். மலையாளி அதை உதிர்க்கவில்லை. போடிமெட்டு ஏறிக் கேரளத்துப் புற்றடிக்குப் போனால் அங்கே ‘ஏலக்கா லேலம்’, குழப்பமே இல்லை. தெலுங்கில் வேலம், இந்தியில் நீலாம். சிங்களம் மட்டும் டச்சுக்காரரிடம் வாங்கி ‘வெந்தேசி’ என்கிறது. போர்த்துகீசியருக்கும் இது சொந்தச் சொல் அன்று. அரபியின் ‘இஃலாம்’ என்பதே மூலம் என்பர். பொருள்: அறிவித்தல்.

அறிவித்தல் என்ற அந்தப் பழம்பொருள் இன்றும் உயிரோடு இருக்கும் இடம் கடல்சார் சட்டம். ஒரு கப்பலின் கொடி ஒரு நாட்டுடையது, உரிமையாளர் இன்னொரு நாட்டில், மாலுமிகள் பல நாட்டவர். சம்பளம் நின்றால், சரக்கு கெட்டால், யாரைப் பிடிப்பது? சட்டம் கப்பலையே பிடிக்கிறது. வழக்கில் பிரதிவாதி அந்தக் கப்பல்தான். நீதிமன்ற ஆணையைக் கப்பலில் ஒட்டிவிட்டால் அது துறைமுகத்தை விட்டு நகரக்கூடாது. உரிமையாளர் ஈடு கட்டி மீட்கலாம். மீட்காவிட்டால் ஊரறிய அறிவித்து ஏலம். எடுத்தவருக்குப் பழைய கடன் எதுவும் ஒட்டாமல் கப்பல் போகும். கடன்களெல்லாம் விற்ற பணத்தின்மேல் ஏறிக்கொள்ளும்.

இதற்கு நாம் வெகுகாலம் 1861ஆம் ஆண்டின் ஆங்கிலேயச் சட்டத்தையே நம்பியிருந்தோம். விசாகப்பட்டினத்தில் பிடிபட்ட ‘எலிசபெத்’ கப்பல் வழக்கில், நம் உயர் நீதிமன்றங்களின் அதிகாரம் அந்தப் பழைய எல்லைக்குள் அடங்கியதல்ல என்று 1992இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. நமக்கென்று சட்டம் வந்தது 2017இல்தான். அதில் என் மனம் நிற்கும் இடம், கடல்சார் பற்றுரிமைகளுக்கு, அதாவது கப்பலையே பற்றி நிற்கும் கோரிக்கைகளுக்கு, வகுத்த வரிசை. முதலில் மாலுமிகளின் சம்பளமும் ஊர் திரும்பும் செலவும். பிறகு உயிரிழப்பு, காயம். அதற்கும் பிறகுதான் மீட்புக் கூலியும் துறைமுகக் கட்டணமும்.

இந்த வரிசை ஏன் வேண்டும் என்பதைச் சென்னை கண்ணால் கண்டிருக்கிறது. 2012 அக்டோபர் 31, நீலம் புயல். ‘பிரதிபா காவேரி’ என்ற எண்ணெய்க் கப்பல் நங்கூரம் நிற்காமல் பெசன்ட் நகர்க் கரையில் தட்டியது. உயிர்காப்புப் படகில் இறங்கியவர்களில் ஆறு பேர் இறந்தார்கள். கப்பலில் இருந்தவர்களுக்குப் பல மாதச் சம்பளம் பாக்கி, சாப்பாட்டுக்கே தட்டுப்பாடு என்ற செய்தி அதன்பிறகே வெளியே வந்தது.

கப்பல் விற்பனைக்கு வரும்போது ‘ஏல அறிவிப்பு’ என்று போடுகிறார்கள். வேர்ப்பொருள் பார்த்தால் ‘அறிவிப்பு அறிவிப்பு’. இருமுறை சொன்னது மிகையில்லை. தூத்துக்குடியிலோ கடலூரிலோ வீடு திரும்பிவிட்ட மாலுமிக்கு அது எட்டியாக வேண்டும். சம்பளத்துக்காகக் கப்பலின்மேல் அவனுக்குள்ள அந்தப் பற்றுரிமைக்கு 2 ஆண்டுதான் ஆயுள்.